தேர்தலுக்கு முன் போட்ட கையெழுத்து பதவிப் பிரமாணத்தை மீறுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் ஒருவர், வரியை உயர்த்தும் எந்த முயற்சியையும் எதிர்ப்பேன் என்று ஓர் அமைப்பு நீட்டும் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறார். ஜெயித்த பிறகு வலது கையை உயர்த்தி, அரசியல் சட்டத்தைக் காப்பேன், பதவிக்குரிய கடமையை நேர்மையாகச் செய்வேன் என்று பிரமாணம் எடுக்கிறார். வெளியாருக்குக் கைகட்டி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் எடுக்கும் பிரமாணம் பொய்ப் பிரமாணம் ஆகாதா என்பது உங்கள் கேள்வி. நான் புரிந்துகொண்டவரை, உங்களை உறுத்துவது வரி அல்ல. ஒரே ஆள் இரண்டு இடத்தில் சத்தியம் செய்யலாமா என்பதுதான் உறுத்துகிறது.

சட்டக் கல்லூரியில் அரசமைப்புச் சட்டம் பல வருடம் பாடம் எடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அமெரிக்க நீதிமன்றப் படி ஏறி வாதாடியவன் அல்ல. தீர்ப்புகளைப் படித்து, மாணவர்களோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதுதான் என் சரக்கு. சட்டப்படி இந்த வாக்குறுதி பிரமாணத்தை மீறாது. அதைத் தயங்காமல் சொல்வேன். அது நல்ல வழக்கமா என்பதும், பிரமாணத்தின் உள்நோக்கத்தோடு எவ்வளவு உரசுகிறது என்பதும் வேறு விஷயம். அங்கே வருவது என் அபிப்பிராயம் மட்டுமே.

வகுப்பில் நான் இதை விளக்கும்போது இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, முதல் வரிசையில் இருக்கும் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்வேன். முதல் தாள் பிரமாணம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, சட்டமன்றத்தார் எல்லோரும் அரசியல் சட்டத்தை ஆதரிப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. வாசகத்தைத் தரவில்லை. 1789-இல் முதல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் அது) நிறைவேற்றிய முதல் சட்டமே அந்த வாசகத்துக்காகத்தான். ஒரே வரி: அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் சட்டத்தை ஆதரிப்பேன். அவ்வளவுதான். உள்நாட்டுப் போர் வந்ததும் 1862-இல் அது வளர்ந்தது. கலகக்காரர்களுக்கு உதவியதில்லை என்று கடந்த காலத்துக்கும் சேர்த்துச் சத்தியம் வாங்கினார்கள். பிறகு அந்தக் கடுமை தளர்ந்து, 1884-இல் இன்றைய வடிவம் நிலைத்தது: உள்நாட்டு, வெளிநாட்டு எதிரிகள் அனைவரிடமிருந்தும் அரசியல் சட்டத்தைக் காப்பேன், அதற்கு மெய்யான விசுவாசத்தோடு இருப்பேன், மனதுக்குள் எதையும் ஒளித்துவைக்காமலும் நழுவும் எண்ணம் இல்லாமலும் இதை ஏற்கிறேன், ஏற்கவிருக்கும் பதவியின் கடமைகளை நன்றாகவும் நேர்மையாகவும் செய்வேன்.

இரண்டாவது தாள் வரி செலுத்துவோர் பாதுகாப்பு வாக்குறுதி. வரி உயர்வை எதிர்த்து இயங்கும் அமெரிக்கர் குரோவர் நார்க்விஸ்டின் அமைப்பு 1986 முதல் வேட்பாளர்களிடம் வாங்கி வருவது. தனிநபர், நிறுவன வருமான வரி விகிதத்தை உயர்த்தும் எல்லா முயற்சிகளையும் எதிர்ப்பேன் என்பது அதன் ஒரு பாதி. வரிக் கழிவுகளையும் சலுகைகளையும் குறைத்தால் அதே அளவுக்கு விகிதத்தையும் குறைக்க வேண்டும் என்பது மறுபாதி. கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கும். ஏதோ கிரயப் பத்திரம் மாதிரி. மாணவர்கள் சிரிப்பது அந்த இடத்தில்தான். 2012 வாக்கில் குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் இதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

படித்து முடித்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, இரண்டில் எந்த வாசகம் எந்த வாசகத்தோடு மோதுகிறது என்பது. விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். யாராலும் சட்டென்று காட்ட முடியாது. வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டம் காங்கிரசுக்குத் தருகிறது. வரியை உயர்த்தியே ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதிகாரம் இருக்கிறது என்றால் அதைப் பயன்படுத்தாமல் இருக்கும் சுதந்திரமும் கூடவே இருக்கிறது. வரி விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் கருத்து வைத்திருப்பதற்காகத்தானே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம்?

கெட்டிக்கார மாணவர் யாராவது 14-ஆவது திருத்தத்தின் 4-ஆவது உட்பிரிவை எடுத்து வருவார். சட்டப்படி வாங்கிய பொதுக் கடன் செல்லும் என்பதைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது அது. வரியை உயர்த்தினால்தான் கடனை அடைக்க முடியும் என்ற நிலை வந்தால்? நல்ல கேள்வி. அந்த நிலை வந்தால் பிரமாணம்தான் மேலே நிற்கும், வாக்குறுதி விலகிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நிலை வருவது லேசல்ல. செலவைக் குறைக்கலாம், புதிதாகக் கடன் வாங்கலாம், வேறு வருவாய் தேடலாம். இத்தனை கதவும் அடைபட்டால்தான் நேருக்கு நேர் மோதல்.

அப்புறம், மனதுக்குள் எதையும் ஒளித்துவைக்காமல் என்ற அந்தச் சொற்றொடர். உங்களைப் போலவே பலரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டுதானே பிரமாணம் எடுக்கிறார் என்பது வாதம். எனக்கு இது நேர் எதிராகப் படுகிறது. அந்த வாசகம் போர்க் காலத்தில் பிறந்தது. வாயால் ஒன்றியத்துக்கு விசுவாசம் சொல்லிவிட்டு நெஞ்சுக்குள் கலகக்காரர் பக்கம் நிற்பவனைப் பிடிக்க வந்தது. நம் மொழியில் சொன்னால், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவனுக்கான பூட்டு. ஊரறியக் கையெழுத்துப் போட்டு, அதையே காட்டி ஓட்டுக் கேட்டு, அந்த ஓட்டில் ஜெயித்து வந்தவர் எதை ஒளித்துவைத்தார்? சத்தம் போட்டுச் சொன்ன வாக்குறுதி ஒளிப்பு ஆகாது. சொல்லாமல் கொடுத்த வாக்குதான் ஆகும். நன்கொடை கொடுத்தவரிடம் மூடிய அறையில் தலையாட்டிவிட்டு வந்து பிரமாணம் எடுக்கிறாரே, அவர்மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை யார் சோதிப்பது? இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. உங்கள் கேள்விக்கு மிக நெருங்கி வரும் வழக்கு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜூலியன் பாண்ட் என்ற 25 வயது கறுப்பின இளைஞர் 1965-இல் ஜார்ஜியா மாநிலச் சபைக்குத் தேர்வானார். 1966 ஜனவரி தொடக்கத்தில், அவர் பணியாற்றிய மாணவர் இயக்கம் வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டது. ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்படுவதை விரும்பாத இளைஞர்கள்மீது அனுதாபம் தெரிவித்தது. அதை நான் ஏற்கிறேன் என்றார் பாண்ட். நாலு நாள் கழித்து, ஜனவரி 10 அன்று, பிரமாணம் எடுக்கச் சபைக்கு வந்தார். இப்படிப் பேசுகிறவர் அரசியல் சட்டத்துக்கு உண்மையாகப் பிரமாணம் எடுக்க முடியாது என்று சொல்லி, 184-க்கு 12 என்ற கணக்கில் அவரை உட்கார விடாமல் அனுப்பினார்கள்.

அந்த வருட டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அந்த முடிவை ரத்து செய்தது. சபை உறுப்பினரிடம் பிரமாணம் கேட்கலாம், அது சரிதான். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் அதை எவ்வளவு உண்மையாக எடுக்கிறார் என்று அளந்து பார்க்கும் உரிமை பெரும்பான்மைக்கு இல்லை. அளக்க விட்டால், பிடிக்காத கருத்துக்காரரை எல்லாம் பிரமாணத்தின் பெயரால் வாசலிலேயே நிறுத்திவிடலாம். அமெரிக்காவைப் பொறுத்தவரை, வெளியில் சொன்ன ஒரு கொள்கையைக் காட்டி உன் பிரமாணம் செல்லாது என்று சொல்லும் வழி அன்றோடு அடைபட்டது. போருக்கு எதிராகப் பேசிய பாண்டுக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு வரிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவருக்கும் உண்டு. இரண்டு பேரையும் ஒரே ஆளுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அது வேறு.

வாக்குறுதி என்பதே பேச்சுரிமைக்குள் அடங்கும் என்பதும் தீர்ந்த விஷயம். 1979-இல் கென்டக்கியில் ஒரு வேட்பாளர், ஜெயித்தால் என் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அது வாக்காளருக்குக் கொடுத்த லஞ்சம் என்று மாநில நீதிமன்றம் அவர் வெற்றியையே செல்லாததாக்கியது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தனிப்பட்ட முறையில் பணம் கொடுத்து ஓட்டு வாங்குவது வேறு, பதவிக்கு வந்தால் இதைச் செய்வேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வது வேறு என்றது.

ஒரு சின்ன விலகல். நீதிபதி விஷயத்தில் என் பதில் தலைகீழாக இருக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் நீதிபதிகளும் தேர்தலில் நிற்கிறார்கள். இந்த மாதிரி வழக்கு வந்தால் இப்படித் தீர்ப்புச் சொல்வேன் என்று அவர்களில் ஒருவர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால், இரு தரப்பையும் கேட்டபின் முடிவெடுக்கும் கடமையை அவர் அப்போதே கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். அதனால் நீதிபதிகளின் நடத்தை விதிகள் அப்படிப்பட்ட வாக்குறுதிகளைத் தடுக்கின்றன. சட்டமன்றக்காரர் நடுவர் அல்ல. ஒரு பக்கம் நிற்பதற்காகவே அனுப்பப்பட்டவர்.

உண்மையிலேயே வாக்குறுதியும் பிரமாணமும் முட்டிக்கொண்ட இடங்களும் வரலாற்றில் உண்டு. அவற்றைப் பார்த்தால் வரி விவகாரம் எவ்வளவு மிதமானது என்று புரியும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எடுக்கும் பிரமாணம் மன்னருக்கு விசுவாசம் சொல்வது. வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சி, ஜெயித்தாலும் அந்த அவையில் உட்கார மாட்டோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறது. 2024 தேர்தலிலும் ஏழு இடங்களில் ஜெயித்து, ஏழும் காலி. வாக்கைக் காப்பாற்றப் பிரமாணத்தையே விட்டுவிட்டார்கள். டப்ளினில் 1927-இல் அயர்லாந்துத் தலைவர் டி வலேரா செய்தது இன்னும் சுவாரசியம். பிரிட்டிஷ் மன்னருக்கான பிரமாணத்தை எடுக்கவே மாட்டோம் என்று சொல்லி வந்தவர், அதை எடுக்காமல் அவைக்குள் போக வழியில்லை என்று ஆனபோது கட்சியோடு போனார். மேசைமேல் இருந்த பைபிளைத் தூக்கித் தள்ளிவைத்தார். நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, வெறும் சடங்கு என்று பெயரிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆட்சிக்கு வந்தபின் 1933-இல் அந்தப் பிரமாணத்தையே சட்டத்திலிருந்து நீக்கினார்.

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணமும் ஒன்று உண்டு. 1962 தேர்தலில் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையோடு நின்று சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 50 இடங்கள் பெற்றது. அடுத்த வருடமே இந்திய அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்ற வாசகம் உறுப்பினரின் உறுதிமொழிக்குள் நுழைந்தது அப்போதுதான். அதோடு நிற்கவில்லை. வேட்புமனு கட்டத்திலேயே வேட்பாளரும் அந்த உறுதிமொழியை எடுத்தாக வேண்டும் என்று வைத்தார்கள். இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். தேர்தல் வாக்குறுதி முதலில், பிரமாணம் பிறகு என்ற வரிசையைச் சட்டம் திருப்பிப் போட்டுவிட்டது. பிரமாணம் முன்னால் வந்துவிட்டதால், அதற்கு முரணான வாக்குறுதியோடு களத்தில் இறங்கவே முடியாது. சீனப் போருக்குப் பின் வந்த சூழலும் சேர்ந்து, 1963-இல் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. அமெரிக்கச் சட்டத்தில் வேட்பாளருக்கு அப்படி ஒரு முன்பூட்டு இல்லை.

இனி என் அபிப்பிராயம் என்று முன்பே சொன்ன பகுதி. பிரமாணத்தின் கடைசி வரி, கடமையை நேர்மையாகச் செய்வேன் என்பது. சட்டமன்றக்காரரின் கடமை என்ன? சொன்னதைச் செய்வதா, அவையில் வாதங்களைக் கேட்டு யோசித்து முடிவெடுப்பதா? 1774-இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க், பிரிஸ்டல் வாக்காளர்களிடம் தன் உழைப்பு மட்டுமல்ல, தன் சுயபுத்தியும் அவர்களுக்குச் சொந்தம் என்றார். அவர்கள் விருப்பத்துக்காக அதைப் பலி கொடுத்தால் அது துரோகம் என்றார். அமெரிக்காவிலும் 1789-இல், பிரதிநிதிகளுக்கு மக்கள் கட்டளையிடும் உரிமையைத் திருத்தங்களில் சேர்க்கலாமா என்று கேட்டபோது, பிரதிநிதிகள் சபை 41-க்கு 10 என்று மறுத்தது. பிரான்சின் அரசியல் சட்டம் கட்டளை போட்டு அனுப்பும் ஆணை செல்லாது என்கிறது. ஜெர்மனியில் உறுப்பினர் தன் மனசாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். இவற்றையெல்லாம் வைத்து வாக்குறுதியே தப்பு என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த விதிகள் சொல்வது வாக்குறுதியை வைத்து உறுப்பினரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்பதைத்தான். மாற்றி ஓட்டுப் போட அவருக்கு எப்போதும் உரிமை உண்டு. அந்த உரிமை இருக்கும்வரை சுயபுத்தி அவரிடம்தான் இருக்கிறது.

என்னை உறுத்துவது வேறு இரண்டு விஷயம். முதலாவது, வாக்கு யாருக்கு? 1947-இல் பிரிட்டிஷ் அவை ஒரு தீர்மானம் போட்டது. தொழிற்சங்கம் ஒன்றிடம் ஒப்பந்தம் செய்துகொண்ட உறுப்பினர் விவகாரத்தில் வந்தது அது. அவையில் தன் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும்படி வெளி அமைப்போடு எந்த உறுப்பினரும் ஒப்பந்தம் செய்யக் கூடாது, அவர் கடமை தொகுதிக்கும் நாட்டுக்கும்தான் என்றது. நார்க்விஸ்ட் தாளை எழுதியவர்கள் இந்த ஓட்டையில் விழவில்லை. இன்ன தொகுதியின் வரி செலுத்துவோருக்கும் அமெரிக்க மக்களுக்கும் வாக்களிக்கிறேன் என்றுதான் அது தொடங்கும். எனக்கு அல்ல, வாக்காளருக்குக் கொடுத்த வாக்கு என்று அவரும் சொல்லிக்கொண்டே இருப்பார். வாசகப்படி உண்மை. ஆனால் தாளை வைத்திருப்பது அமைப்பு, எந்த மசோதா மீறல் என்று தீர்ப்புச் சொல்வதும் அமைப்பு. வாக்கு ஓரிடத்தில், சாவி வேறிடத்தில்.

இரண்டாவது, இதற்குக் காலாவதி கிடையாது. பதவியில் இருக்கும்வரை அந்தக் கையெழுத்து செல்லும் என்கிறார்கள். பிரமாணத்தைப் பாருங்கள்: பிரதிநிதிகள் சபையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் புதிதாக எடுக்க வேண்டும். நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குச் செய்யும் சத்தியமே புதுப்பிக்கப்படும்போது, ஒரு கொள்கைக்குப் போட்ட கையெழுத்து மட்டும் இருபது வருடம் அப்படியே கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போர் வரலாம், நிதி நெருக்கடி வரலாம். இந்தத் தவணையில் இதைச் செய்ய மாட்டேன் என்றால் அது தேர்தல் வாக்குறுதி. என்றைக்கும், எது நடந்தாலும் என்றால், யோசிக்கும் வேலையிலிருந்தே அவர் விடுப்பு எடுத்துக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. பிரமாணத்தின் கடைசி வரியோடு உரசுவது அந்த இடம்.

உரசும்போது தண்டிப்பது நீதிமன்றம் அல்ல. அமெரிக்க அதிபராக இருந்த மூத்த புஷ், அந்தப் பதவிக்குப் போட்டியிட்ட 1988-இல் புதிய வரி கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டு 1990-இல் வரி உயர்வுக்குச் சம்மதித்தார். 1992-இல் தோற்றார். அது மட்டும் காரணம் இல்லை என்றாலும் அதுவும் ஒன்று. பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட்டுகள் 2010-இல் கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று மாணவர் சங்கத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டணி ஆட்சிக்குப் போனதும் அவர்களில் 21 பேர்தான் எதிர்த்தார்கள். 57 ஆக இருந்த இடங்கள் 2015-இல் 8 ஆயின.

கடைசியாக, பதவி ஏற்றதும் அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. மனம் மாறினால், மாறிய அன்றே காரணத்தோடு வாக்காளரிடம் சொன்னால் போதும். 2012 நவம்பரில் ஜார்ஜியாவின் செனட்டர் சாக்ஸ்பி சேம்ப்ளிஸ் அதைத்தான் செய்தார். இருபது வருடத்துக்கு முந்தைய வாக்குறுதியைவிட எனக்கு நாடு முக்கியம் என்றார். அவரை வாக்காளர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்கக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு மாதத்தில், மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். வாஷிங்டனின் முட்டுக்கட்டை அரசியல் சலித்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.